வேத, விவிலிய, வைதிக: நோட்டீஸில் எதை எங்கே போடுவது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் அச்சுக்கடைக்குக் கும்பாபிஷேகப் பத்திரிகையும் வரும், புதுநன்மை (கத்தோலிக்கர்களின் முதல் நற்கருணை) அழைப்பிதழும் வரும், மதரஸா ஆண்டுவிழா நோட்டீஸும் வரும். மூன்றிலும் அவரவர் சமய நூலைச் சொல்லும் அடைமொழி ஒன்று இருக்கும். அது மாறிப்போனால் எழுத்துப்பிழையைவிட அதிகமாக உறுத்தும். அதனால் மேட்டர் எழுதும்போதே, வாசிக்கப் போகிறவர்கள் அந்த நூலை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

‘வேத’ பலருக்கும் பொது. கோயில் பத்திரிகையில் ‘வேதபாராயணம்’ என்றால் ரிக், யஜுர், சாமம், அதர்வணம். லுத்தரன் சபை நோட்டீஸில் ‘வேத வசனம்’ என்றால் பைபிள் வசனம். அங்கே நூலின் பெயரே பரிசுத்த வேதாகமம். கத்தோலிக்கர்களுக்கு ‘விவிலிய வாசகம்’, ‘விவிலியப் போட்டி’. ‘மறை’யும் அவர்களிடம் நிறையப் புழங்கும்: மறைக்கல்வி, மறையுரை, புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம். முஸ்லிம் நோட்டீஸில் ‘திருமறை வசனம்’ வரும். அதே ‘திருமறை’ கிறிஸ்தவர்களிடமும் உண்டு. எனவே எல்லாரும் கூடும் விழா என்றால் குர்ஆன் வசனம், பைபிள் வசனம் என்று நூலின் பெயரையே போடுங்கள்.

அதிகம் தடுமாறுவது ‘வைதிக’வில்தான். ‘பழைய வழக்கப்படி’ என்ற நினைப்பில் எந்தச் சடங்குக்கும் அதைப் போட்டுவிடுகிறார்கள். வேத வழிப்பட்டது என்பதே அதன் பொருள். பெரும்பாலான சிவன் கோயில்களில் பூஜை ஆகமப்படி, அதாவது கோயில் வழிபாட்டு முறைகளைச் சொல்லும் நூல்களின்படி நடக்கிறது. அங்கே ‘ஆகம விதிப்படி’ என்பதே சரி. நம் மாவட்டத்துச் சிதம்பரம் நடராஜர் கோயில் வேறு. தீட்சிதர்கள் செய்வது வைதிக பூஜை. பதஞ்சலி வகுத்தது என்பார்கள். அந்தக் கோயில் பத்திரிகையைப் பார்த்து உங்கள் ஊர்க் கோயிலுக்கு அப்படியே எழுதாதீர்கள். குருக்களைக் கேட்டால் எந்த ஆகமம் என்றே சொல்லிவிடுவார். தேவாரம், திருவாசகம் பாடி நடத்தும் தமிழ்த் திருமணத்துக்கு ‘வைதிக முறைப்படி’ என்று அச்சடித்தால் அந்தக் குடும்பத்தின் மனம் நோகும். அவர்கள் யோசித்து எடுத்த முடிவு அது. ‘திருமுறை ஓதி’ என்று போடுங்கள்.

அப்புறம், ‘வைதீக’ என்று நெடில் வேண்டாம். மூலச் சொல்லில் குறில்தான். ‘வேதபாடசாலை’யில் ஒற்று வராது, ‘விவிலியப் போட்டி’யில் வரும்.

சமயம் பார்க்காமல் புழங்குவது ‘வேதவாக்கு’. நினைவஞ்சலியில் ‘அப்பா சொல்லே எங்களுக்கு வேதவாக்கு’ என்று எந்த வீட்டாரும் தயங்காமல் போடலாம்.