எலியின் சினைப்பை இன்று எந்தக் கட்டத்தில் இருக்கிறது? ஸ்மியர் எடுத்துப் பார்க்கும் முறை

வேலூரில் விலங்கியல் படிக்கும் தம்பி தங்கைகள் பலர் சினைப்பை ஹார்மோன்களைப் புத்தகத்து வளைகோடுகளாக மட்டுமே பார்த்திருப்பீர்கள். எலியின் வயிற்றைத் திறக்காமலே அந்த ஏற்ற இறக்கத்தைப் பின்தொடரலாம். யோனியிலிருந்து உதிரும் செல்களை எடுத்துப் பார்க்க (இதுதான் ஸ்மியர்) ஒரு சொட்டு சலைனும், அதாவது உப்பு நீரும், மைக்ரோஸ்கோப்பும் போதும். 1917இல் ஸ்டாக்கார்டும் பாப்பனிகோலாவும் கினிப்பன்றியிடம் இதைச் செய்து காட்டினார்கள். பெண்களுக்கு எடுக்கும் பாப் ஸ்மியரில் உள்ள ‘பாப்’ அந்தப் பாப்பனிகோலாதான். 1922இல் லாங்கும் இவான்ஸும் எலிக்கு இதை விரிவாக எழுதினார்கள்.

உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி தராமல் எலியைத் தொடவே கூடாது. அனுமதி வந்தபின் கீழே உள்ளதைத் தொடங்குங்கள்.

1. அறை. காலை 6 மணிக்கு விளக்கு எரிய வேண்டும், மாலை 6 மணிக்கு அணைய வேண்டும். வெப்பம் 22 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். கத்திரி வெயிலில் நம்மூரில் ஏ.சி. இல்லாமல் இது நடக்காது.

2. பழக்கம். ஒரு வாரம் தினமும் எலியைக் கையில் எடுத்துப் பழக்குங்கள். பயந்த எலியிடம் நல்ல ஸ்மியர் வராது. அதைவிட, அதைப் பயமுறுத்த நமக்கு உரிமையும் இல்லை.

3. எடுப்பது. தினமும் ஒரே நேரம், காலை 8 முதல் 9க்குள். மழுங்கிய நுனியுள்ள பிளாஸ்டிக் டிராப்பரில் 0.9 சதவீத சலைன் சில சொட்டு எடுத்து, யோனி வாயில் மட்டும் நுனியை வைத்து, இரண்டு மூன்று முறை மெதுவாக விட்டு உறிஞ்சுங்கள். உள்ளே தள்ளாதீர்கள். கருப்பை வாயில் இடித்தால் எலியின் உடல் இணை சேர்ந்ததாக எண்ணிக்கொண்டு, பொய்க்கர்ப்பத்தில் சுமார் இரண்டு வாரம் சுழற்சியை நிறுத்திவிடும். ஒவ்வொரு எலிக்கும் தனி டிராப்பர். கூண்டில் ஆரணிப் பக்கத்து உமி போட்டிருந்தால், ஒட்டியிருக்கும் தூளை முதலில் துடைத்துவிடுங்கள்.

4. பார்ப்பது. சொட்டை ஸ்லைடில் விட்டு, சாயமில்லாமல் 10எக்ஸ் லென்ஸில் பாருங்கள், பிறகு 40எக்ஸில். சுழற்சியின் நான்கு கட்டங்களையும் என் மாணவர்களுக்கு நான் சமையலறையைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அரைவேக்காட்டு ஜவ்வரிசி போல, நடுவில் உட்கருப் புள்ளியோடு உருண்டைச் செல்கள் கொத்தாக இருந்தால் புரோஈஸ்ட்ரஸ். விளிம்பு மடிந்த தட்டை அவலாக, உட்கரு இல்லாமல் குவிந்திருந்தால் ஈஸ்ட்ரஸ். அவலும் ஜவ்வரிசியும் கசகசாவும் கலந்திருந்தால் மெட்டீஸ்ட்ரஸ். பெரும்பாலும் கசகசாவாக, அதாவது வெள்ளணுக்களாக இருந்தால் டையீஸ்ட்ரஸ். முழுச் சுற்றுக்கு 4 அல்லது 5 நாள்.

5. ஹார்மோனோடு பொருத்துவது. பலர் தடுமாறும் இடம் இது. அவல் நிறைந்த ஸ்லைடைப் பார்த்ததும் ‘ஈஸ்ட்ரோஜன் உச்சம்’ என்று நோட்டில் எழுதிவிடுகிறார்கள். உச்சம் முந்தைய நாளே முடிந்துவிட்டது. சினைப்பையில் முட்டையைச் சுமந்து வளரும் நுண்ணறைகள் சுரந்த ஈஸ்ட்ரோஜன் யோனிச் சுவரைத் தடிக்க வைத்தது; அதன் மேலடுக்கு காய்ந்து உதிர்ந்து இன்று அவலாக வந்திருக்கிறது. ஸ்லைடு சொல்வது நேற்றைய ஹார்மோனை.

உச்சம் புரோஈஸ்ட்ரஸ் நாளில். அன்று பிற்பகல் அந்த ஈஸ்ட்ரோஜனே மூளையைத் தூண்ட, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, முட்டையை வெளியேற்றத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைக் கொட்டுகிறது. அடுத்த விடியலுக்கு முன் கருமுட்டைகள் வெளிவருகின்றன. 1950இல் எவரெட்டும் சாயரும் என்ற ஆய்வாளர்கள் எலிகளுக்குப் புரோஈஸ்ட்ரஸ் நாளில் பிற்பகல் 2 மணிக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். முட்டை வெளியேற்றம் சில மணி நேரம் தள்ளிப்போகவில்லை, முழுதாக 24 மணி நேரம் தள்ளிப்போனது! நாளுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் கதவு அது. அதைத் திறக்கும் உடல் கடிகாரத்துக்கு நேரம் வைப்பது விளக்கு.

6. நம்புவதற்கு முன். தொடர்ந்து இரண்டு சுற்றாவது எழுதுங்கள். ஒற்றை ஸ்லைடை வைத்து எந்த எலியையும் ஆய்வில் சேர்க்காதீர்கள்.

கசகசா பத்து நாளைக்கு மேல் நீடித்தால் உங்கள் கை ஆழமாகப் போயிருக்கிறதா என்று யோசியுங்கள். அவல் நாள்கணக்கில் மாறாமல் வந்தால் இரவில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இடைவிடாத வெளிச்சத்தில் முட்டை வெளியேறுவது நின்றுபோகும். நான் வேலை கற்ற நாட்களில் ஒருமுறை சுழற்சிகள் எல்லாம் குழம்பின. மூன்று வாரம் ஹார்மோனையும் தீவனத்தையும் சந்தேகித்தேன். சுவரில் இருந்த பழைய டைமர் ஒவ்வொரு மின்வெட்டிலும் நின்று, விட்ட இடத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. எலிகளின் பிற்பகல் எங்கோ நள்ளிரவுக்குப் போயிருந்தது. டைமரைத் தினமும் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்ட பிறகே டிராப்பரைக் கையில் எடுங்கள்.