பேஸ் பெட்டி வாங்கும்போது வாட்ஸை விட்டு டெசிபலைப் பாருங்கள்

பேஸ் கிட்டாருக்குச் சிறிய, பாரம் குறைந்த ஸ்பீக்கர் பெட்டி வாங்கப் போகிறீர்களா? வாட்ஸுக்கு முன்னால் அதன் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, எத்தனை டெசிபல் என்று பாருங்கள். வாட்ஸ் என்பது ஸ்பீக்கர் எரியாமல் எவ்வளவு தாங்கும் என்ற கணக்குத்தான், சத்தத்தின் அளவு இல்லை. 3 டெசிபல் கூடினால் அம்பின் (ஆம்ப்ளிஃபயரின்) சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்: 94 டெசிபல் பெட்டி 200 வாட்ஸில் தரும் சத்தத்தை 97 டெசிபல் பெட்டி 100 வாட்ஸிலேயே தந்துவிடும். பெரிய அம்புக்குப் போகும் காசு மிச்சம்.

பாரம் குறைய நியோடிமியம் காந்தம் போட்ட ஒற்றை 12 அங்குலப் பெட்டியே என் தெரிவு. ஆட்டோவில் வைத்து திருகோணமலைப் பக்கம் உப்புவெளிக்கோ நிலாவெளிக்கோ தனியாகவே கொண்டுபோகலாம். மின்தடை 8 ஓம் உள்ள பெட்டியாக எடுங்கள். பிறகு அதேபோல் இன்னொன்றைச் சேர்த்தால் 4 ஓம் ஆகும், பெரும்பாலான பேஸ் அம்புகள் அதைத் தாங்கும்.

ஒன்று கவனம். பெட்டி சிறிதாகவும் டெசிபல் கூடுதலாகவும் இருந்தால் அடி ஒலி குறையும், அது பௌதிகம். ஐந்து தந்தி பேஸ் கிட்டாரின் கீழ் பி தந்தி சுமார் 31 ஹெர்ட்ஸ், அவ்வளவு தாழ்ந்த ஒலி இதில் முழுதாக வராது. கடற்கரைத் திறந்தவெளியில் அடி ஒலியைத் தாங்கிக் கொடுக்கச் சுவரும் இருக்காது, அங்கே இந்தப் பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம். மண்டபத்தில் சப்வூஃபருடன் சவுண்ட் சிஸ்டம் இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. அம்பிலிருந்து டிஐ லைன் (சவுண்ட் சிஸ்டத்துக்கு நேரடி இணைப்பு) கொடுத்துவிடுங்கள், உங்கள் காதுக்குக் கேட்க எந்தச் சிறு பெட்டியும் போதும்.