ஜனவரி 30: பிரிட்டனின் ‘வரலாற்றில் இன்று’ பட்டியலைப் பிழையில்லாமல் தொகுக்க

பிரிட்டன் பட்டியலில் காலை வாருவது 1752-க்கு முந்தைய தேதிகள்தான். அவற்றை முதலில் சரிபாருங்கள்.

முதலாம் சார்லஸ் மன்னரின் தலை லண்டன் வைட்ஹாலில் வெட்டப்பட்டது 1649 ஜனவரி 30. ஆனால் 59 பேர் கையெழுத்திட்ட மரண ஆணையில் 1648 என்றிருக்கும். எழுத்துப்பிழை அல்ல, அன்று இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். எனவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதி என்றால் ஆண்டோடு ஒன்று கூட்டுங்கள். ஸ்காட்லாந்து ஆவணமா? 1600-லேயே அவர்கள் ஜனவரி 1-க்கு மாறிவிட்டார்கள், கூட்டக் கூடாது.

அடுத்தது நாள். இங்கிலாந்தின் பழைய ஜூலியன் நாள்காட்டி, இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாள்காட்டியைவிட 1700 பிப்ரவரி வரை 10 நாள், பிறகு 11 நாள் பின்தங்கியது. 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனதோடு அது சரியானது. கிரெகோரியன் கணக்கில் சார்லஸ் இறந்தது பிப்ரவரி 9. கவனிக்காவிட்டால் ஒரே மரணம் இரண்டு நாளிலும் ஏறிவிடும். ஆண்டைத் திருத்துங்கள், நாளை அன்று இங்கிலாந்தில் எழுதியபடியே விடுங்கள். 1661-இல், சார்லஸின் மரண ஆணையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான கிராம்வெல்லின் சடலத்தைத் தோண்டித் தூக்கிலிட்டதும் வேண்டுமென்றே இதே ஜனவரி 30-இல்தான். நாளை மாற்றினால் அந்த வன்மம் தெரியாமல் போகும்.

பிந்தைய நிகழ்வுகளில் சொல்லில் கவனம் போதும். 1965-இல் சர்ச்சிலுக்கு அன்று இறுதிச் சடங்கு. இறந்தது 24-ஆம் தேதி. 1972-இல் வட அயர்லாந்தின் டெரி நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அன்றே இறந்தவர்கள் 13. பின்னர் இறந்தவரையும் சேர்த்தால் 14. எந்த எண் என்று சொல்லியே எழுதுங்கள்.