பழைய வீட்டைத் திருத்தி வாடகைக்கு விடுகிறீர்களா? கொழும்பில் வரியை மிச்சம் பிடிக்கும் வழி

கொட்டாஞ்சேனையிலோ மருதானையிலோ தாத்தா காலத்து மாடி வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது, திருத்தி நாலு அனெக்ஸாகப் பிரித்து விட்டால் என்ன என்று யோசிக்கிறீர்கள். நல்ல யோசனைதான். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மரபுக் கட்டடத்தைத் திருத்தி வாடகைக்கு விட்டால் செலவில் 20 சதவீதத்தை ஐந்து வருடங்களில் வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கே கணக்குப் போடாதீர்கள். இங்கே மிச்சம் வருவது வீடு யார் பெயரில் இருக்கிறது, என்ன தேவைக்கு விடுகிறீர்கள் என்பதை வைத்துத்தான்.

முதலில் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில் பழைய குடியிருப்பாளர் ஒருவர் இருந்தால், மேசன் பாஸைக் கூப்பிடுவதற்கு முன் சட்டத்தரணியைக் கூப்பிடுங்கள். அப்புறம் மாநகர சபையில் வரைபட அனுமதி. தொல்பொருள் திணைக்களம் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த கட்டடம் என்றால் அவர்களைக் கேட்காமல் ஒரு கூரை ஓடுகூட மாற்ற வேண்டாம்.

சரி, வரிக்கு வருவோம். இலங்கையில் வதியும் தனிநபருக்கு வாடகை வருமானத்தில் 25 சதவீதத்தை நிவாரணமாகக் கழிக்கலாம். திருத்தம், பராமரிப்பு, தேய்மானம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த 25. இந்த 25ஐ எடுத்தால், ஐந்து ரூபாவே செலவழித்தாலும் அதுதான், ஐம்பது இலட்சம் செலவழித்தாலும் அதுதான், அதற்கு மேல் இதே செலவுகளுக்குப் பில்லைக் காட்டிக் கூடுதலாகக் கேட்க முடியாது. மாதம் இரண்டரை இலட்சம் வாடகை வந்தால் வருடத்துக்கு 30 இலட்சம். 25 சதவீதம் போக 22.5 இலட்சம், 2025 ஏப்ரலில் இருந்து இருக்கும் தனிநபர் நிவாரணம் 18 இலட்சமும் போக மிச்சம் 4.5 இலட்சம், அதற்கு முதல் வரிப் படியின் 6 சதவீதம் என்றால் வரி வெறும் 27,000 ரூபா. வேறு வருமானம் இல்லாத ஓய்வெடுத்த அம்மாவின் பெயரில் வீட்டு உறுதி (சொத்துப் பத்திரம்) இருந்தால் இந்தக் கணக்கு. அந்த 18 இலட்சத்தை உங்கள் சம்பளமே தின்றுவிட்டு, நீங்கள் ஏற்கனவே 36 சதவீதப் படியில் நிற்கிறீர்கள் என்றால், அதே 22.5 இலட்சத்துக்கு 8,10,000 ரூபா கட்ட வேண்டும். அதற்காக அவசரப்பட்டு உறுதியை மாற்றாதீர்கள், அதற்கும் முத்திரை வரி இருக்கிறது.

கம்பெனி பெயரில் செய்தால் அந்த 25 சதவீதமும் இல்லை, 18 இலட்சமும் இல்லை. வியாபாரமாக நடத்தினால் கட்டடச் செலவை 20 வருடங்களுக்குப் பிரித்துக் கழிக்கலாம், ஆனால் வரி 30 சதவீதம். ஒரு வீட்டுக்கு இது தேவையில்லாத தலைவலி என்பது என் எண்ணம்.

திருத்த வேலைக்குக் கடன் எடுத்தால் அதன் வட்டி வேறு கணக்கு, வாடகை வருமானத்துக்காக எடுத்த கடன் என்று காட்ட முடிந்தால் கழிக்கலாம். ஆகவே வீட்டு வேலைக் கடனையும் மகளின் கல்யாணக் கடனையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள்.

வற் (பெறுமதி சேர் வரி) விஷயத்தில் ஒரு நல்லது, ஒரு கெட்டது. குடியிருக்க விடும் வாடகைக்கு வற் கிடையாது. அதனாலேயே சீமெந்துக்கும் டைல்ஸுக்கும் நீங்கள் கட்டிய 18 சதவீத வற்றையும் திரும்பக் கேட்க முடியாது, அதையும் செலவிலேயே சேர்த்துப் பாருங்கள். இந்த விலக்கு குடியிருப்புக்கு மட்டும்தான், ஆகவே கீழே கடை, மேலே வீடு என்றால் இரண்டு ஒப்பந்தமாக எழுதி, மேல்மாடி வதிவிடத் தேவைக்கு என்று தெளிவாகப் போடுங்கள்.

வாடகைக்காரர் ஒரு கம்பெனி என்றால் வாடகையில் 10 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு தரக்கூடும். சான்றிதழை வாங்கி வைத்தால் அது உங்கள் வரியில் கழியும்.

வேலை முடிந்ததும் மாநகர சபை வீட்டின் வருடாந்தப் பெறுமதியைக் கூட்டலாம், அதை வைத்துக் கணக்கிடும் ஆதன வரியும் ஏறும். முழு வருடத்துக்குரியதை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு உண்டு.

பில்களைத் தூக்கி எறிய வேண்டாம். என்றாவது வீட்டை விற்றால் மூலதன ஆதாய வரிக் கணக்கில் திருத்தச் செலவு அடக்கவிலையோடு சேரும். 2017 செப்டெம்பர் 30க்கு முன்பே உங்களிடம் இருந்த வீடு என்றால் அன்றைய சந்தைப் பெறுமதிதான் அடக்கவிலை, அதனால் ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கையையும் அந்த பைலிலேயே போட்டு வையுங்கள்.