நாய்க்குக் கேன்சர் என்று டாக்டர் சொன்னால்: லிம்போமா சிகிச்சையும் செலவுக் கணக்கும்

எங்கள் வீட்டு லேப்ரடார் பிரவுனிக்கு லிம்போமா (நெறிகளில் வரும் புற்றுநோய்) என்று தெரிந்தபோது நெட்டில் தேடிப் படித்ததில் பாதி டாலர் கணக்கு, மீதி கண்ணீர்க் கதை. சென்னையில் எந்த வரிசையில் போவது, எங்கே காசு கரைகிறது என்று தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. வேறு வகைப் புற்றுநோய் என்றால் மருந்து மாறும். வரிசை கிட்டத்தட்ட இதுதான்.

1. நெறி கட்டியிருக்கிறதா, தடவிப் பாருங்கள்

தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும், தோளுக்குச் சற்று முன்னால், பின்னங்காலில் முட்டிக்குப் பின்புறம். இந்த இடங்களில் வலியே இல்லாமல், கெட்டியாக உருண்டை தட்டுப்பட்டால் டாக்டரிடம் போங்கள். நாய் நன்றாகச் சாப்பிடுகிறதே, வாலாட்டுகிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். லிம்போமா வந்த நாய்கள் பல ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்.

உடனே பயந்துவிடவும் வேண்டாம். உண்ணிக் காய்ச்சலிலும் நெறி கட்டும். நம் ஊரில் உண்ணிக்குப் பஞ்சமில்லை. அதற்கான ரத்தப் பரிசோதனையையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள்.

ஹார்டுவேர் கடையில் ஒரு பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். உருண்டையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு டாக்டர்" என்பதைவிட "போன வாரம் 32 மில்லிமீட்டர், இப்போ 18" என்றால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். இதற்கு ஆப் எல்லாம் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு போதும், வீட்டில் யாரும் எழுதலாம்.

2. ஸ்டீராய்டுக்கு முன்னால் பரிசோதனை

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் போன கிளினிக்கில் உருண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வீக்கம்தான், வத்திடும்" என்று பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அன்று மெடிக்கல் ஷாப்பில் ஸ்டாக் இல்லை. மறுநாள் இன்னொரு டாக்டரிடம் அந்தச் சீட்டை நீட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வியே "மாத்திரை ஆரம்பிச்சாச்சா?" என்பதுதான். இல்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. எங்களுக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

விஷயம் இதுதான். லிம்போமா கட்டி ஸ்டீராய்டுக்கு மளமளவென்று சுருங்கும். சுருங்கியபின் ஊசியால் செல்களை எடுத்துப் பார்த்தால் நோயை அடையாளம் காண்பதே கஷ்டமாகிவிடும். அதைவிட மோசம், ஸ்டீராய்டை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் புற்றுச் செல்கள் மருந்துக்குத் தாக்குப்பிடிக்கப் பழகிவிடும். பிறகு கீமோ கொடுத்தாலும் முன்போல் கேட்காது. அதனால் வரிசை: ஊசிப் பரிசோதனை (எஃப்.என்.ஏ.சி), தேவைப்பட்டால் பயாப்சி (சிறு துண்டு வெட்டி எடுத்துப் பார்ப்பது), அப்புறம்தான் மாத்திரை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். மூச்சுவிடவே திணறும் நாய்க்கு அவசரத்துக்கு ஸ்டீராய்டு போட வேண்டி வரலாம். அது வேறு கதை.

ஊசி எங்கே போடப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். பல்லிலோ ஈறிலோ தொந்தரவு இருந்தாலே தாடைக்கு அடியில் நெறி கட்டும் என்பதால், முடிந்தால் முட்டிக்குப் பின்னாலோ தோளுக்கு முன்னாலோ எடுப்பதுதான் நல்லது. ஒரு சின்ன ஊசி, மயக்கம் கொடுக்கத் தேவையில்லை. பிரவுனி என் கையிலிருந்த பிஸ்கட்டிலேயே கண்ணாக இருந்தாள்.

லிம்போமா என்று உறுதியானால் அடுத்த கேள்வி, புற்று எந்த வகை வெள்ளணுவில் வந்தது என்பது: பி செல்லா, டி செல்லா? பொதுவாக பி செல் வகைதான் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும். இந்தப் பரிசோதனைக்குத் தனிச் செலவு உண்டு. கீமோ கொடுக்கப் போவதில்லை என்று முடிவாகிவிட்டால் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

3. ஒரு ஊசிக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்

மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். முழு கீமோவில் நான்கு மருந்துகள்: சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசோலோன். 25 வாரத் திட்டம் என்றாலும் 19 வாரத் திட்டம் என்றாலும் 16 தவணை வரும்; 15 வாரத் திட்டத்தில் 12. ஒவ்வொரு தவணைக்கு முன்னாலும் ரத்த அணுக்கள் எண்ணிக்கை (சிபிசி) பார்த்தே ஆக வேண்டும். ஆக மருந்து, சிபிசி, டாக்டர் ஃபீஸ், வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றச் செருகும் குழாய்), ஆட்டோ எல்லாவற்றையும் கூட்டித் தவணை எண்ணிக்கையால் பெருக்குங்கள். அதோடு ஆரம்பத்தில் ஸ்கேன், டாக்ஸோரூபிசினுக்கு முன்னால் இதயத்துக்கு எக்கோ. நடுவில் காய்ச்சல் வந்து அட்மிட் செய்ய நேர்ந்தால் அதற்கென்று ஒரு தொகையைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்.

மருந்துகள் மனிதர்களுக்குக் கொடுப்பவைதான். மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நான்குமே இருக்கின்றன. அதனால் பலர் பயப்படுவதுபோல மருந்து விலை மட்டுமே ஆளைச் சாய்ப்பதில்லை. திரும்பத் திரும்ப வரும் பரிசோதனையும் போக்குவரத்தும்தான் சேர்ந்துவிடும்.

குப்பி அளவைக் கவனியுங்கள். 25 கிலோ நாய்க்கு டாக்ஸோரூபிசின் ஏறத்தாழ 26 மில்லிகிராம் வரும். குப்பி 10, 50 என்ற அளவுகளில் கிடைக்கும். 50 ஒன்றா, 10 மூன்றா, எது மலிவு என்று கேட்டு வாங்குங்கள். வின்கிரிஸ்டின் 1 மில்லிகிராம் குப்பியில் பாதிக்குச் சற்று மேல்தான் செலவாகும். அதே நாளில் இன்னொரு நாய்க்கும் ஊசி இருந்தால் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று கேட்பதில் வெட்கமில்லை. வின்கிரிஸ்டின் குளிர்ச்சியில் இருக்க வேண்டிய மருந்து. வாங்கிக்கொண்டு போவதானால் ஐஸ் பேக் போட்ட பையில் கொண்டுபோங்கள், சென்னை வெயிலில் டிக்கியில் போடாதீர்கள்.

தனியார் எஸ்டிமேட்டோடு அரசுக் கல்லூரியின் செலவையும் ஒப்பிடுங்கள். சென்னையில் வேப்பேரி, வெளியூர் என்றால் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகள். கூட்டம் இருக்கும், காத்திருக்கத் தயாராகப் போங்கள். நோய் தெரிந்த பிறகு எடுக்கும் இன்ஷூரன்ஸ் இதற்கு உதவாது, அதில் நேரத்தை விடாதீர்கள்.

இனி கசப்பான பகுதி. கீமோ இதைப் பெரும்பாலும் முழுசாகக் குணப்படுத்துவதில்லை. 10 நாய்களில் எட்டு ஒன்பதுக்கு நோய் அடங்கும். பி செல் வகையில் சராசரியாக ஒரு வருடம் கிடைக்கும். டாக்ஸோரூபிசின் மட்டும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று ஐந்து தவணை கொடுத்தால் ஆறு முதல் எட்டு மாதம். ஸ்டீராய்டு மட்டும் என்றால் ஒன்றிரண்டு மாதம். கையில் இருக்கும் பணத்துக்கு மூன்றாவதுதான் முடியும் என்றால் அதையே எடுங்கள். வட்டிக்கு வாங்கிப் பாதியில் நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். சொந்தக்காரர்கள் "நாய்க்கா இவ்வளவு செலவு?" என்றும் கேட்பார்கள், "இவ்வளவுதானா செய்தீர்கள்?" என்றும் கேட்பார்கள். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

4. வீட்டில்

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதற்கு. நாய்க்கு 101 முதல் 102.5 வரை சாதாரணம். ஊசி போட்டு ஒரு வாரம் வாக்கில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும்; அப்போது 103-க்கு மேல் போனால் இரவானாலும் கிளம்புங்கள். வீட்டில் இருக்கிறதே என்று டோலோவோ காம்பிஃபிளாமோ கொடுக்கவே கூடாது.

சைக்ளோபாஸ்பமைடு மாத்திரையை உடைக்காமல், கையுறை போட்டுக்கொண்டு, காலையில் கொடுங்கள். வேகவைத்த ஈரல் துண்டுக்குள் வைத்தால் போய்விடும். அன்று முழுக்கத் தண்ணீர் நிறைய, அடிக்கடி வெளியே கூட்டிப்போய் மூத்திரம் விட வையுங்கள். மூத்திரம் உள்ளேயே தேங்கிக் கிடந்தால் மருந்து மூத்திரப் பையைப் புண்ணாக்கிவிடும். சில நாட்களுக்கு மூத்திரம், மலம் எல்லாம் கையுறையோடுதான் சுத்தம் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பின்சேர்க்கை: கமெண்டில் ஒருவர், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்க்குப் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி வளர்ந்து ரத்தம் சொட்டுகிறது, கேன்சர் என்கிறார்கள், இவ்வளவு செலவு செய்ய முடியாது என்று எழுதியிருந்தார். அது டி.வி.டி (TVT) எனப்படும் வகையாக இருக்கலாம். இனச்சேர்க்கையில் ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் கட்டி, தெருநாய்களிடம் நம் ஊரில் சகஜம். அதற்கு வின்கிரிஸ்டின் ஒரே மருந்து போதும். வாரம் ஒன்றாகப் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு ஊசிக்குள் முழுசாகவே குணமாகிவிடும். கேன்சர் என்ற வார்த்தையோடு வீட்டுக்குத் திரும்பாமல், எந்தக் கேன்சர் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் செலவுக் கணக்கைப் போடுங்கள்.