எலக்ட்ரிக் கிட்டாருக்குப் பிக்கப் தேர்ந்தெடுப்பது எப்படி? முதன்முறை மாற்றுவோருக்கான செய்முறை விளக்கம்

முத்தியால்பேட்டையில் என் வீட்டு மாடியறையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. ஆசைப்பட்டு வாங்கி, சில மாதம் வாசித்துவிட்டுக் கழற்றிப்போட்ட பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பாகங்கள்) ஐந்து அதில் சேர்ந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பழுதானதில்லை. நான்தான் என் கிட்டாரின் குறை என்னவென்று அறியாமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்தேன். புதுச்சேரியில் தேவாலயப் பாடற்குழுவிலும் மெல்லிசைக் குழுவிலும் கை பழகிய தம்பிகள் "அண்ணா, எந்தப் பிக்கப் நல்லது?" என்று கேட்கும்போதெல்லாம், "உன் கிட்டாரில் எது பிடிக்கவில்லை?" என்று திருப்பிக் கேட்பது அதனால்தான்.

முதல் படி: குறையை எழுதி வையுங்கள்

நீங்கள் வழக்கமாக வாசிக்கும் ஆம்ப்ளிஃபையரில், வழக்கமான சத்த அளவில், எஃபெக்ட் எதுவும் போடாமல் ஒரே பகுதியை ஒவ்வொரு பிக்கப்பிலும் வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டதை எளிய சொற்களில் எழுதுங்கள்: மெல்லிய தந்தி காதைக் குத்துகிறது, தடித்த தந்திகள் சேறாகக் குழம்புகின்றன, கை எடுத்தால் 'ம்ம்' என்று ஹம் வருகிறது, டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரடுமுரடாக்கும் எஃபெக்ட்) போட்டால் கீச்சென்று அலறுகிறது. "வார்ம் டோன் வேண்டும்" என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் உண்டு.

இரண்டாம் படி: செலவில்லாத வேலைகளை முதலில் முடியுங்கள்

கடற்காற்றில் நம் ஊர்த் தந்திகள் விரைவில் துருப்பிடித்து மந்தமாகிவிடும். தந்தியின் மந்தத்தைப் பிக்கப்பின் மந்தமாக நினைத்து ஏமாறுவது எளிது. ஆகவே புதுத் தந்தி பூட்டிவிட்டு மறுபடியும் பதிவு செய்யுங்கள்.

அடுத்தது பிக்கப்பின் உயரம். இதைப் பொறுமையாகச் செய்தால் பலர் பிக்கப் வாங்கும் எண்ணத்தையே விட்டுவிடுவார்கள் என்பது என் அனுபவம். தடித்த தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிக்கப்பின் காந்த முனைக்கும் தந்தியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். மெல்லிய தந்தியிலும் அவ்வாறே செய்யுங்கள். பிரிட்ஜ் (கிட்டார் உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) அருகிலுள்ள ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) சுமார் 1.6 மில்லிமீட்டரும், கழுத்தருகே உள்ளதற்குச் சுமார் 2.4 மில்லிமீட்டரும் நல்ல தொடக்கம். சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்) தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துவிட்டு, கால் சுற்றாக ஸ்குருவைத் திருப்பிக் காதால் சரிபாருங்கள்.

கிட்டே வைத்தால் சத்தம் கூடுமே என்று தோன்றும். கூடும்தான், ஆனால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கவும் செய்யும். அப்போது ஒலியின் நீட்சி குறையும், மேல் ஃப்ரெட்டுகளில் தடித்த தந்தி ஒரே ஸ்வரத்தை இரண்டாகப் பிளந்து அலைக்கும், ட்யூனர் முள் நிற்காது. கர்நாடக இசையின் கமகங்களைக் கிட்டாரில் வாசிக்க முயல்வோருக்கு இது பெரிய இடைஞ்சல்: விரல் சரியாகவே வளைத்திருக்கும், சுருதி மட்டும் விலகி நிற்கும். காந்தத் தண்டுகள் நேராகத் தந்தியைப் பார்த்திருக்கும் சிங்கிள் காயிலில் இந்த இழுப்பு அதிகம். காந்தம் அடியில் படுத்திருக்கும் ஹம்பக்கரில் குறைவு.

மூன்றாம் படி: உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். காந்தப்புலத்துக்குள் எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த தூண்டல் விதிதான் இது. பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டாரின் பிக்கப் ஒன்றில் முடியளவு மெல்லிய கம்பி ஏறத்தாழ 8,000 சுற்று சுற்றப்பட்டிருக்கும். சுற்று கூடினால் ஒலி வலுக்கும், ஆனால் சுருளின் ஒத்ததிர்வு உச்சம் (அது மிகுதியாக எழுப்பும் சுருதி) கீழே இறங்கிவிடுவதால் மேல் ஸ்தாயியின் பளபளப்பு மங்கும். சத்தமும் பளபளப்பும் ஒன்றாகக் கிடைக்காது என்கிற இந்தக் கணக்குப் புரிந்துவிட்டால், விளம்பர வாசகங்களில் பாதியை வாசிக்காமலே தாண்டலாம்.

நான்காம் படி: வகையைத் தீர்மானியுங்கள்

சிங்கிள் காயில் தெளிவும் கூர்மையும் உடையது. கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுவது) வாசிக்கையில் ஒவ்வொரு தந்தியும் தனித்துக் கேட்கும். சுற்றியுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் அது சேர்த்தே வாங்கும் என்பதுதான் குறை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தச் சுருதியிலும் அதன் மடங்குகளிலும் ஹம் கேட்கும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் அருகில் இருந்தால் அதனுடன் ஒரு கரகரப்பும் சேரும்.

இந்த ஹம்மை ஒழிக்கத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் ஹம்பக்கரை வடிவமைத்து 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு சுருள்கள், ஒன்றுக்கொன்று காந்த முனையும் மாறியிருக்கும், சுற்றும் திசையும் மாறியிருக்கும். ஆகவே தந்தியின் ஒலி இரண்டிலும் கூடிச் சேர்கிறது. வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கித் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ஒலி தடித்து, மேல் முனை (உயர்ந்த ஒலிகள்) சற்று மழுங்கும். 1946-இல் வந்த பி-90 இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: அகலமான ஒற்றைச் சுருள், நடு ஸ்தாயி முழங்கும், ஹம்மும் உண்டு.

வீட்டிலும் சிறிய அரங்கிலும் வாசிப்பவருக்குச் சிங்கிள் காயிலின் ஹம் பொறுத்துக்கொள்ளக்கூடியதே. கோயில் திருவிழா மேடையில், ஜெனரேட்டர் ஓட, சீரியல் லைட் மின்ன, வாசிப்பவருக்கு நான் தயங்காமல் ஹம்பக்கரையே சொல்வேன். ஸ்ட்ராட் வைத்திருப்போர், நடுப் பிக்கப் எதிர்த்திசைச் சுற்றும் எதிர்க்காந்த முனையும் கொண்டதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் ஐந்து நிலைச் சுவிட்சின் 2-ஆம், 4-ஆம் நிலைகளில் ஹம் தானாகவே அடங்கும். கிட்டார் உடலைக் குடையாமல் சிங்கிள் காயில் குழிக்குள்ளேயே பொருந்தும் குறுகிய ஹம்பக்கர்களும் கிடைக்கின்றன.

9 வோல்ட் பாட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்புகளை முதல் மாற்றத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றுக்குப் பாட்டரி வைக்க இடமும் 25 கிலோ ஓம் வால்யூம், டோன் கட்டுப்பாடுகளும் தேவைப்படுகின்றன.

ஐந்தாம் படி: காந்தமும் கிலோ ஓமும்

அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ காந்தங்களில் 2-ஆம் வகை மென்மையானது, 5-ஆம் வகை வலுவும் பளிச்சென்ற மேல் முனையும் உடையது. செராமிக் காந்தத்தைப் பெரும்பாலும் உரத்த, டிஸ்டார்ஷனுக்கேற்ற பிக்கப்புகளில் வைக்கிறார்கள்.

மின்தடை எண்ணில்தான் நான் வழுக்கினேன். ஸ்ட்ராட் வகைச் சிங்கிள் காயில் சுமார் 6 கிலோ ஓம், பழைய பாணி ஹம்பக்கர் சுமார் 8 கிலோ ஓம் காட்டும். 15 கிலோ ஓம் என்று அட்டையில் கண்டதும் இரு மடங்கு வலிமை என்று நினைத்துச் செராமிக் பிக்கப் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். டிஸ்டார்ஷனில் சுவர் போல நின்றது. எஃபெக்டை அணைத்து ஒரு மெல்லிசைப் பாடலின் முன்னிசையை வாசித்தபோது, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலிருந்தது. கம்பி இன்னும் மெல்லியதாக இருந்தாலே மின்தடை கூடிவிடும் என்பதை அதன் பிறகுதான் படித்தேன். ஒரே வகை, ஒரே தடிமன் கம்பி கொண்ட பிக்கப்புகளுக்கிடையே மட்டும் இந்த எண்ணை ஒப்பிடுங்கள்.

ஆறாம் படி: இடமும் அளவும்

பிரிட்ஜ் அருகே தந்தி குறைவாக அதிர்வதால் அங்கு வைக்கும் பிக்கப்பைச் சற்று அதிக வலிமையுடன் செய்வார்கள். எனவே எந்த இடத்துக்கு என்று பார்த்து வாங்குங்கள். முதல் தந்தியின் நடுவிலிருந்து ஆறாம் தந்தியின் நடு வரை பிக்கப்பின் மேலேயே அளந்துகொள்ளுங்கள். ஹம்பக்கர்கள் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர், 52 முதல் 53 மில்லிமீட்டர் என இரு இடைவெளிகளில் வருகின்றன. வால்யூம், டோன் கட்டுப்பாடுகளுக்குச் சிங்கிள் காயிலில் 250 கிலோ ஓமும் ஹம்பக்கரில் 500 கிலோ ஓமும் வழக்கம். ஹம்பக்கரை 250-இல் இணைத்தால் மேல் முனை மேலும் மங்கும். குத்தும் பிக்கப்பை அடக்க இதையே ஒரு தந்திரமாகவும் பயன்படுத்தலாம்.

ஏழாம் படி: கழற்றிப் பூட்டுதல்

எதையும் தொடும் முன் பழைய இணைப்புகளைப் பல கோணங்களில் படமெடுங்கள். நாலு ஒயர் ஹம்பக்கரின் வண்ணங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: சீமோர் டங்கனில் கறுப்பு ஒயர்தான் ஒலி வெளிவருவது, டிமார்சியோவில் அது சிவப்பு. ஒன்றின் வரைபடத்தை வைத்து மற்றொன்றை இணைத்தால் ஒலி மெலிந்துபோகும் அல்லது வரவே வராது.

40 வாட் சால்டரிங் அயர்ன் போதும். வால்யூம், டோன் கட்டுப்பாடான பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் நெடுநேரம் சூடு வைக்காதீர்கள். பிரிட்ஜுக்குச் செல்லும் எர்த் ஒயரை மறந்துவிடாதீர்கள். அது விடுபட்டால், தந்தியைத் தொடும்போது அடங்க வேண்டிய இரைச்சல் அடங்காது. மூடும் முன் கேபிளைச் செருகி, ஆம்பைக் குறைந்த சத்தத்தில் வைத்து, காந்த முனைகளை ஸ்குருடிரைவர் நுனியால் மெல்லத் தட்டினால் எந்தச் சுருள் உயிருடன் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்து வாசிக்கும்போது மட்டும் மூக்கால் பாடுவது போல ஒலித்தால் ஒன்றின் ஃபேஸ் (அலையின் ஏற்ற இறக்கம்) தலைகீழாக இருக்கிறது. அதன் இரு ஒயர்களையும் மாற்றிப் போடுங்கள், ஆனால் வெளியுறையின் எர்த் ஒயர் எர்த்திலேயே இருக்கட்டும்.

பூட்டியபின் உயரத்தை மறுபடி சரிசெய்து, முதல் நாள் வாசித்த அதே பகுதியைப் பதிவு செய்து, எழுதிவைத்த குறைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கழற்றிய பிக்கப்பின் ஒயரைக் குட்டையாக நறுக்கிவிடாமல், வகையையும் மின்தடையையும் எழுதிய சீட்டுடன் மூடிய டப்பாவில் வையுங்கள். என் டப்பாவில் இப்போது நான்குதான் இருக்கின்றன. போர்வை போட்டது போல ஒலிக்கிறது என்று நான் கழற்றிய அந்தச் செராமிக் பிக்கப், அரியாங்குப்பத்தில் ஒரு தம்பியின் காதைக் குத்தும் கிட்டாரில் ஏறிச் சரியாகப் பொருந்திவிட்டது.