மாநகராட்சி வேலையிலிருந்து ஓய்வா, இடையில் விபத்தா? பென்ஷன், இயலாமைக் கோரிக்கைக்கு என்னென்ன செய்ய வேண்டும்: மதுரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் அப்பாவோ அம்மாவோ மதுரை மாநகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெறப் போகிறார்கள், பேப்பர் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்றால் இது உங்களுக்குத்தான். வேலையில் இருக்கும்போதே கை கால் போய், கண் போய், "இனி என்ன" என்று நிற்பவர்களுக்கு ஐந்தாவது படியிலிருந்து இருக்கிறது. அவசரம் என்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.

படி 1: எந்தத் திட்டம் என்று முதலில் பாருங்கள்

வேலையில் சேர்ந்த தேதிதான் எல்லாவற்றையும் பிரிக்கிறது. 2003 ஏப்ரல் 1-க்கு முன் முறையான பணியில் சேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978 பொருந்தும். இதைத்தான் எல்லாரும் பழைய பென்ஷன் என்கிறார்கள். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வருவார்கள். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10% மாதாமாதம் பிடிப்பார்கள், அதே அளவு நிர்வாகத்தின் பங்காகவும் சேரும். 2026 ஜனவரியில் தமிழக அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. கடைசி அடிப்படை ஊதியத்தில் 50% கிடைக்க உறுதி தருவது அது. பங்களிப்புத் திட்டத்தில் இருப்பவர்கள், தங்கள் பணிக்கு அது எப்படிப் பொருந்தும் என்று செக்சனில் ஆணையின் நகலோடு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டீக்கடையில் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

படி 2: ஃபைல் யார் யார் கைக்குப் போகும்

தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகைதான் தலைமை அலுவலகம். ஊழியர் மண்டல அலுவலகத்தில் வேலை பார்த்தால் ஃபைல் அங்கே தொடங்கி இங்கே வரும். பணி விவரங்களை எழுதி வைப்பது பணியமைப்புப் பிரிவு. பணம் தருவது கணக்குப் பிரிவு. கையெழுத்துப் போடும் அதிகாரம் ஆணையருக்கு, அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவருக்கு. மேயரும் மாமன்றமும் பட்ஜெட்டில் ஓய்வூதியத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று பார்ப்பார்களே தவிர, தனி ஒருவரின் பென்ஷன் தொகையைத் தீர்மானிப்பதில்லை. அதனால் கவுன்சிலரைப் பிடித்தால் ஃபைல் எங்கே நிற்கிறது என்று வேண்டுமானால் தெரியவரும், தொகை கூடாது.

பலருக்குத் தெரியாத ஆள் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. இது மாநகராட்சிக்குக் கட்டுப்பட்டதல்ல, மாநில அரசின் துறை. அரசு ஊழியர்களுக்கு மாநிலக் கணக்காயர் செய்கிற வேலையை உள்ளாட்சி ஊழியர்களுக்கு இவர்கள் செய்கிறார்கள். மாநகராட்சி அனுப்பும் ஓய்வூதியக் கருத்துருவை, அதாவது பென்ஷன் கேட்டு அனுப்பும் தாள்களின் தொகுப்பை, வரி வரியாகப் பார்த்து, சரி என்றால்தான் ஒப்பளிப்பு (அனுமதி). "ஆடிட்ல நிக்குது" என்று கிளார்க் சொன்னால் அது பெரும்பாலும் இந்த இடம்தான். அங்கே போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. அவர்கள் எழுதிய தடைக் குறிப்புக்கு மாநகராட்சிதான் பதில் அனுப்ப வேண்டும். ஆகவே தடைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தாள் குறைகிறது என்று அதில் தெளிவாக இருக்கும்.

படி 3: பணிப்பதிவேட்டை இப்போதே பாருங்கள்

என்னைக் கேட்டால் மொத்த பென்ஷன் வேலையில் முக்கால்வாசி இந்தப் படிதான். ஓய்வு பெற ஓராண்டு இருக்கும்போதே கருத்துரு தயாரிப்பைத் தொடங்கிவிட வேண்டும். ஆனால் பணிப்பதிவேட்டை, அதாவது எஸ்.ஆரை, அதற்கும் முன்பே ஒருமுறை முழுக்கப் புரட்டிப் பார்ப்பது நல்லது. எழுத்து மூலம் கேட்டால் ஊழியர் பார்க்கலாம்.

எதைப் பார்க்க வேண்டும்? பிறந்த தேதி முதலில். பிறகு பெயர். பதிவேட்டில் "முத்துலெட்சுமி", ஆதாரில் "முத்துலட்சுமி", பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் வேறு என்று இருந்தால் இப்போதே ஒன்றாக்குங்கள். பணிவரன்முறை ஆணை (பணியை முறைப்படுத்திய ஆணை), தகுதிகாண் பருவம் முடித்த ஆணை இரண்டும் பதிவாகியிருக்கிறதா? ஆண்டுதோறும் பணி சரிபார்ப்புக் கையெழுத்து இருக்கிறதா? சம்பளமில்லா விடுப்பு, தற்காலிக நீக்கம் போன்றவை எப்படி முடித்துவைக்கப்பட்டன என்று எழுதியிருக்கிறதா? கையெழுத்தில்லாமல் விட்ட ஒரு வருஷம், முப்பது வருஷம் கழித்துத் தணிக்கையில் தடையாக எழுந்து நிற்கும்.

மதுரைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 2011-இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் அக்கம்பக்கத்து உள்ளாட்சிகளும் இதில் இணைந்தன. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களின் ஆரம்பகால ஆவணங்கள் பழைய அலுவலகத்திலிருந்து வந்தவை. வராமல் போனதும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் முதல் நியமன ஆணை, பழைய சம்பளப் பட்டியல் என எது கையில் இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். வேறு ஊர் நகராட்சியிலிருந்து மாறுதலாகி வந்தவர்களுக்கும் இதே கதைதான்.

தினக்கூலியாகவோ தொகுப்பூதியத்திலோ இருந்து பிறகு நிரந்தரமானவரா? 2003 ஏப்ரல் 1-க்கு முன் முறைப்படுத்தப்பட்டிருந்தால், அந்தப் பழைய காலத்தில் பாதியைத் தகுதியுள்ள பணிக்காலத்தோடு, அதாவது பென்ஷனுக்குக் கணக்கில் வரும் காலத்தோடு, சேர்க்க 1978 விதிகளில் இடம் இருக்கிறது. தூய்மைப் பணியாளர்கள் பலருக்கு இதனால் சில ஆண்டுகள் கூடும். யாரும் தானாக முன்வந்து சேர்க்க மாட்டார்கள். நீங்கள்தான் மனு கொடுத்து, அந்தக் கால வருகைப் பதிவேட்டுப் பக்கங்களைக் காட்டச் சொல்ல வேண்டும்.

படி 4: கணக்கைப் போட்டுப் பார்த்துக் கருத்துருவில் கையெழுத்திடுங்கள்

பழைய திட்டத்தில் 10 ஆண்டு தகுதியுள்ள பணி இருந்தால்தான் மாத ஓய்வூதியம். 30 ஆண்டு இருந்தால் முழுதாக, கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி. 40,000 ரூபாய் வாங்கியவருக்கு 30 ஆண்டுக்கு 20,000 வரும். 24 ஆண்டுதான் என்றால் 20,000-ஐ 24-ஆல் பெருக்கி 30-ஆல் வகுங்கள்: 16,000. குறைந்தபட்ச ஓய்வூதியம் 7,850 ரூபாய். இவற்றின் மேல் அகவிலைப்படி தனி.

பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி), முடித்த ஒவ்வொரு அரையாண்டுக்கும் கடைசி ஊதியத்தில் கால் பங்கு. இங்கே ஊதியம் என்பது அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து 60,000 என்று வைத்துக்கொண்டால், 30 ஆண்டுக்கு 60 அரையாண்டு, 15 மாதச் சம்பளம், 9 லட்சம்.

கம்யூட்டேஷன் பற்றி யோசித்துச் சொல்லுங்கள். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கலாம். 20,000-இல் 6,666 போய் மாதம் 13,334 வரும், பிடித்தம் 15 ஆண்டு ஓடும். அகவிலைப்படியை முழு 20,000-க்கே கணக்கிடுவார்கள். பெண் கல்யாணம், வீட்டுக் கடன் என்று தேவை இருந்தால் வாங்குவதில் தப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்பதற்காக வேண்டாம்.

கருத்துருவோடு தம்பதியர் சேர்ந்த புகைப்படம், அங்க அடையாளம், குடும்ப உறுப்பினர் விவரம், வாரிசு நியமனம், வங்கிக் கணக்கு விவரம், ஆதார், பான் நகல் எல்லாம் போகும். மாநகராட்சிக் குடியிருப்பில் இருந்தால் வாடகைப் பாக்கி இல்லை என்ற சான்றும் வேண்டும். வாரிசு நியமனத்தில் இறந்துபோன தாயின் பெயரே இன்னும் கிடக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதியதை மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம். கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் தபால் பிரிவில் சீல் வைத்த நகல் வாங்குங்கள்.

படி 5: வேலையில் அடிபட்டால் முதல் நாளே செய்ய வேண்டியது

இனி இயலாமை. சிகிச்சைதான் முதலில், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அன்றைக்கே இரண்டு தாள் உருவாக வேண்டும். ஒன்று, அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ வேறெங்கோ சேர்க்கும்போது பதியும் விபத்துப் பதிவேட்டு நகல், "ஏ.ஆர். காப்பி". அதில் "வேலை செய்துகொண்டிருந்தபோது" என்ற வார்த்தை வரும்படி டாக்டரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். "வழுக்கி விழுந்தார்" என்று மொட்டையாக எழுதிவிட்டால் பின்னால் நிரூபிப்பது உங்கள் பாடு. இன்னொன்று, சுகாதார ஆய்வாளருக்கோ உதவிப் பொறியாளருக்கோ எழுத்து மூலமான தகவல். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் மறுநாள் தாளில் கொடுங்கள். சாலை விபத்தென்றால் முதல் தகவல் அறிக்கையும் வேண்டும்.

சித்திரைத் திருவிழா நேரத்தில் வழக்கமான வார்டை விட்டு வைகைக் கரைக்கும் மாசி வீதிகளுக்கும் ஆட்களை அனுப்புவார்கள். அங்கே அடிபட்டால் "உன் வார்டு இல்லையே" என்று யாரும் கேட்க முடியாதபடி அந்த நாள் பணி ஒதுக்கீட்டு ஆணையின் நகலை எடுத்துவையுங்கள்.

வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்குச் சாதாரண மருத்துவ விடுப்பைக் கரைக்க வேண்டியதில்லை. அடிப்படை விதிகளில் சிறப்பு இயலாமை விடுப்பு என்று தனியாக ஒன்று இருக்கிறது, ஒரு பாதிப்புக்கு 24 மாதம் வரை. கேட்டால்தான் தருவார்கள், பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

படி 6: "மெடிக்கல்ல வெளிய போயிடுங்க" என்றால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்

இந்தப் பதிவையே இந்தப் படிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆறு மாதம் படுக்கையில் கிடந்து திரும்பும் ஊழியரிடம், நல்ல மனதோடுதான், யாராவது சொல்வார்கள்: "இனிமே உன்னால முடியாது, மெடிக்கல் இன்வாலிடேஷன் எழுதிக் கொடுத்துட்டு நிம்மதியா இருப்பா." மருத்துவக் குழு "தகுதியில்லை" என்று சான்று கொடுத்தால் இயலாமை ஓய்வூதியத்தில் போகும் வழி விதிகளில் உண்டு, உண்மைதான். ஆனால் அது ஒன்றுதான் வழி என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் குடும்பம் ஏமாறுகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் பிரிவு 20(4) சொல்வது இது. பணிக்காலத்தில் உடல் குறைபாடு அடைந்த ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணியிடம் தர வேண்டும். அப்படி இடம் காலியாக இல்லையென்றால், கிடைக்கும் வரையோ ஓய்வு பெறும் வயது வரையோ உபரிப் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டம் அரசு நிறுவனம் என்று குறிப்பிடுவதில் உள்ளாட்சி அமைப்பும் அடக்கம். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 47-இலும் இதே பாதுகாப்பு இருந்தது. காலை இழந்த காவலர் குணால் சிங் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம், இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்பதைக் காரணம் காட்டி இந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

வித்தியாசம் எவ்வளவு என்று யோசியுங்கள். 45 வயது ஓட்டுநர் கண் பார்வை குறைந்து வெளியே போனால், அதுவரை சேர்ந்த பணிக்காலத்துக்கு மட்டும் பென்ஷன். அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாறினால் 60 வயது வரை முழுச் சம்பளம், ஆண்டு ஊதிய உயர்வு, அதன் பிறகு பென்ஷன். பங்களிப்புத் திட்டத்தில் இருப்பவருக்கு 1978 விதிகளின் இயலாமை ஓய்வூதியமே பொருந்தாது என்பதால், அவருக்கு 20(4) இன்னும் முக்கியம்.

செய்ய வேண்டியது: மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக விண்ணப்பியுங்கள். பிறகு ஆணையருக்கு ஒரு பக்க மனு. இப்படி எழுதலாம்:

"பணிக்காலத்தில் எனக்கு உடல் குறைபாடு ஏற்பட்டுள்ளது. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பிரிவு 20(4)-இன்படி அதே ஊதிய விகிதத்தில் எனக்கு ஏற்ற மாற்றுப் பணியிடம் வழங்கவும், இல்லையெனில் உபரிப் பணியிடத்தில் தொடரவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் விருப்ப ஓய்வோ இயலாமை ஓய்வோ கோரவில்லை."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பதில் வராவிட்டால் பிரிவு 23-இன்படி அலுவலகத்தில் நியமித்திருக்க வேண்டிய குறைதீர் அலுவலரிடம் புகார். பதிவான புகாரை இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார்.

படி 7: ஒப்பந்தத் தொழிலாளி என்றால் வழி வேறு

தனியார் நிறுவனம் மூலம் குப்பை அள்ளுபவர்களுக்கு மேலே சொன்ன பென்ஷன் விதிகள் கிடையாது. மாதச் சம்பளம் 21,000-க்குள் என்றால் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, இருக்க வேண்டும். தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90% அளவில் பணப்பயன், நிரந்தரப் பாதிப்புக்கு அதன் அளவைப் பொறுத்து மாதத் தொகை. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தும் எண் தரவில்லையா? அதை அடிபடும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

பாதாளச் சாக்கடையில் இறக்கப்பட்டுப் பாதிக்கப்பட்டால் சங்கதி வேறு. 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் பல்ராம் சிங் வழக்கில், உயிரிழந்தால் 30 லட்சம், நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம், மற்றப் பாதிப்புகளுக்கு 10 லட்சத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. "காண்ட்ராக்டரைப் போய்க் கேள்" என்று அனுப்பினால் தீர்ப்பின் நகலோடு மாவட்ட ஆட்சியரிடம் போங்கள்.

படி 8: ஃபைல் நகராதபோது

முதலில் மண்டலத்தில் செவ்வாய்க்கிழமை நடக்கும் குறைதீர் முகாமில் மனு. அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மூன்றே கேள்வி: கருத்துரு எந்தத் தேதியில் தணிக்கைக்குப் போனது, தடைக் குறிப்பு உண்டா, அதற்கு எப்போது பதில் அனுப்பப்பட்டது. 30 நாளில் பதில் வர வேண்டும். பல ஃபைல்கள் இந்தக் கேள்வி போய்ச் சேர்ந்த வாரத்திலேயே எழுந்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தாலும் தற்காலிக ஓய்வூதியம் கேட்கலாம். ஓய்வூதியம் கருணைத் தொகை அல்ல, உரிமை என்று 1982 டிசம்பர் 17-ஆம் தேதி நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது மனுவில் எழுத உதவும். கடைசியாக உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. 2004-இலிருந்து நமக்கு அதற்காகச் சென்னை போக வேண்டியதில்லை.

ஆணை வந்துவிட்டதா? ஓய்வூதியக் கொடுப்பாணையில் மனைவி அல்லது கணவர் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். குடும்ப ஓய்வூதியம் அந்த வரியை வைத்துத்தான் வரும். சாதாரணமாகக் கடைசி ஊதியத்தில் 30%. 80 வயது தாண்டினால் 20% கூடும், அப்போதும் பார்ப்பது பிறந்த தேதியைத்தான். வாழ்நாள் சான்றை வருஷத்தில் எந்த மாதம் தர வேண்டும் என்று கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். பணியில் இருக்கும்போதே இறந்துவிட்ட ஊழியரின் வீட்டில் கருணை அடிப்படையில் வேலை கேட்பதானால், இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். துக்கத்தில் அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.